கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆசிரியர்களுக்கு: கால் வலி என்று அழும் பிள்ளையை நம்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஜூனில் பள்ளி திறக்கும்போதே நம் பக்கம் மழையும் பிடித்துக்கொள்ளும். ஈரச் சீருடையோடு பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் சிக்கிள் செல் என்ற ரத்த நோய் உள்ளவர்களுக்கு வலி அடிக்கடி வருகிறது. டாக்டரை அவர்கள் மாதம் ஒரு முறை பார்த்தாலே பெரிது. பகல் முழுக்க இருப்பது உங்களிடம்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். இந்தப் பிள்ளைகளுக்கு அதை உருவாக்கும் மரபணுவில் மிகச் சிறிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழையாகிவிடும். வளைந்து நெளிந்து போக வேண்டிய அணு கதிர் அரிவாள் வடிவத்தில் விறைத்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும். அடைத்த இடத்துக்குக் கீழே ரத்தம் போகாது. அந்த வலி எலும்புக்குள்ளிருந்து வருவது; வெளியே காயமோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும், இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். சோகையும் கண்ணில் மஞ்சளும் அதனால் வருகின்றன. தொற்றுகிற மஞ்சள் காமாலை என்று நினைத்து அந்தப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்காதீர்கள். இது யாருக்கும் ஒட்டாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலை வழிபாட்டில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து நல்லாத்தானே ஓடினே?" என்று டீச்சர் கேட்டார். ஓடியது உண்மைதான். மழையில் நனைந்து, தண்ணீர் குடிக்காமல் ஓடிய ஓட்டம்தான் மறுநாள் வலியாக வந்தது. டீச்சர் அக்கறையோடு விளையாட்டு அறையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து முழங்காலில் வைத்தார். குளிரில் ரத்தக் குழாய் இன்னும் சுருங்கும். மதியத்துக்குள் பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஐஸ் வேண்டவே வேண்டாம். உலர்ந்த துணி, ஸ்வெட்டர், குடிக்க நிறையத் தண்ணீர், படுக்க ஓர் இடம், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை: முதலில் இவைதான். தண்ணீர் பாட்டிலை வகுப்பிலேயே வைத்துக்கொள்ள விடுங்கள். பாத்ரூம் போகக் கேட்டால் உடனே அனுப்புங்கள். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சரியாகப் பிடித்துவைக்க முடியாது, அதனால் சிறுநீர் அதிகம் போகும். விடுதியில் பெரிய பிள்ளைகள்கூட படுக்கையை நனைப்பது இதனால்தான். காப்பாளர்களே, அதற்காகத் தயவுசெய்து மற்றவர்கள் முன்னால் திட்டாதீர்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்வது அதைவிட ஆபத்து.

விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "போதும் சார்" என்று பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. கிருமியை வடிகட்டும் மண்ணீரல் இவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுகிறது. 101 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து மாலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது, பேச்சு குழறுவது, திடீரென்று வயிறு வீங்கி முகம் வெளுப்பது, இதில் எதைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வாரந்தோறும் பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை. சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். இந்தச் சோகை வேறு. இவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஹைட்ராக்சியூரியா எழுதிக்கொடுத்திருந்தால் அது தினமும் தவறாமல் உள்ளே போக வேண்டும். வலி அடிக்கடி வராமல் காப்பதே அந்த மருந்துதான்.

இது பரம்பரையாக வருவது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை அதைச் சுமப்பவர், நோயாளி இல்லை. பெற்றோர் இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. இப்படி இருந்தும் வீடுகளில் தாயை மட்டும் குற்றம் சொல்கிறார்கள். குலசாபம் என்கிறார்கள். மரபியல் பாடம் நடத்தும் நாளில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

1952-லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மலேரியா கொன்று குவித்த காடு இது. மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமந்தவர்கள் மலேரியாவில் அதிகம் பிழைத்தார்கள், அதனால் அது தலைமுறை தாண்டி நிலைத்தது. பணியர், குறும்பர் போன்ற பழங்குடியினரிடம் மட்டும் இல்லை, பழங்குடி அல்லாத வயநாடன் செட்டி குடும்பங்களிலும் உண்டு. "அவங்க சாதி வியாதி" என்ற பேச்சு வகுப்பறையில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2047-க்குள் இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தேசியத் திட்டம் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வதாக அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் பள்ளிக்கும் முகாம் வரும். வரட்டும், நல்லது. ஆனால் முடிவுகளை வகுப்பில் சத்தமாகப் படிக்க விடாதீர்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு "சுமப்பவள்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் கல்யாணம் வரை கூடவே வரும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்காக இந்தப் பிள்ளைகளின் பெயரை அடித்துவிடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல்லும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் வாங்கப் பெற்றோருக்கு வழி தெரியாது, விண்ணப்பம் எழுத உதவுங்கள். சிக்கிள் செல் உள்ள பிள்ளைகளின் பெயர், மருந்து, பெற்றோர் எண், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அது அவர் மேசைக்குள் இருக்கட்டும், சுவரில் ஒட்ட வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கூடலூர்