பத்து வயதில் பாதை பிரிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் குடியேறிய தமிழர் பலரும் முதலில் குறைப்படுவது இந்நாட்டு மருத்துவர்களைப் பற்றித்தான். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினால், நெஞ்சைச் சோதித்துவிட்டு, நிறையத் தண்ணீர் கொடுங்கள், தூங்கவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஊசியும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது என்பது ஒருபுறமிருக்க, உடம்பு தேற நாள் பிடிக்கும் என்பதை இந்நாடு சட்டமாகவே ஏற்றிருக்கிறது. 1883இல், பிஸ்மார்க் காலத்திலேயே, தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது. இன்று நோயுற்ற தொழிலாளிக்கு ஆறு வாரம் வரை முதலாளியே முழுச் சம்பளம் தருகிறார். அதன் பிறகு காப்பீட்டு நிதியம் உதவித்தொகை வழங்குகிறது.

நோயாளிக்கு இவ்வளவு அவகாசம் கொடுக்கும் நாடு, பள்ளிப் பிள்ளையிடம் மட்டும் ஏன் இப்படி அவசரப்படுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவில், ஏறத்தாழப் பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். 1 என்பதே மிக உயர்ந்த மதிப்பெண்ணாக உள்ள இந்த முறையில், பவேரியாவில் ஜெர்மன், கணிதம், சூழ்நிலையியல் மூன்றுக்கும் சேர்த்துச் சராசரி 2.33 அல்லது அதைவிட மேலாக இருந்தால்தான், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியத்தில் நேரடியாகச் சேரலாம். வீட்டில் தமிழே பேசி வளர்ந்த பிள்ளை, உயிரற்ற பொருளுக்கும் பால் பார்க்கும் ஜெர்மன் மொழியில் மேசை ஆண்பாலா பெண்பாலா என்று தேர்வுத் தாளில் தடுமாறினால், கணக்கில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தச் சராசரி கைநழுவிப் போகலாம். மாணவரின் தேர்ச்சி குடும்பப் பின்னணியோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்று பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா ஆய்வு 2000ஆம் ஆண்டுச் சுற்றில் காட்டியபோது நாடே அதிர்ந்தது; ஆனாலும் பிரிக்கும் வயது அப்படியேதான் இருக்கிறது.

கிம்னாசியம் கிடைக்காத பிள்ளைகள் பலரும் போகும் தொழிற்கல்வியைத் தாழ்வாக எண்ணி இதை எழுதவில்லை. நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போகும் இந்நாட்டு முறை போற்றத்தக்கது. ஆனால் பிள்ளை விரும்பி அங்கே போவது வேறு, பத்து வயதில் அந்தப் பக்கம் திருப்பிவிடப்படுவது வேறு.

பள்ளி ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நான் வாழும் வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று ஜனவரி இறுதியில் அரையாண்டு அறிக்கையோடு வரும் பள்ளியின் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளும் அங்கே உண்டு. இது தெரியாமலேயே கையெழுத்திடும் பெற்றோர் இருக்கிறார்கள். மாநிலவாரியாக இவ்விதிகளைத் தங்கள் நாளிதழ் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
டார்ட்முண்ட்