முதலில் லைற்றை நிற்பாட்டிப் பார்

அன்பு மகளுக்கு,

அம்மாவுக்கு நீ அனுப்பின படத்தை அவ எனக்குக் காட்டினா. இரவில் உன் போர்ஷே காருக்குள் எடுத்த படம். என்ஜின் சுற்றுக் காட்டுகிற ரெவ் மீட்டருக்கு இடப்பக்கத்து வட்டத்தில், ஒயில் வெப்பம் காட்டுகிற ஊசி எனக்குப் பிடிக்காத உயரத்தில் நிற்கிறது. நீ அதைக் காட்டவென்று எடுக்கவில்லை, தெரியும். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

ஒன்று செய். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே ஹெட்லைற்றைப் போட்டு அணைத்துப் பார். ஊசியும் கூடவே ஏறி இறங்கினால் அது சூடில்லை, எர்த் பிழை. 1981ஆம் ஆண்டு வண்டி. மீட்டருக்குப் பின்னால் எர்த் பூட்டுகிற இடம் கறள் பிடித்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக ஒரு மண்ணிற வயரை வண்டிப் பொடியின் இரும்புக்கு இழுத்துவிட்டால் சரி. ஊசி அசையாமல் நின்றால் ஒயில் உண்மையாகவே சூடு. அதுதான் எனக்குக் கவலை.

உன்னுடைய மீட்டரில் இலக்கம் இல்லை, கோடுகள் மட்டும்தான். எந்தக் கோடு எத்தனை பாகை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், நம்பாதே. உன் 911 எஸ்சிக்கு 80 முதல் 110 வரை நல்ல சூடு. 120ஐத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் 120 எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓடுகிறாயே!

இலக்கம் அச்சடித்த முகத்தை மாற்றித் தருகிற மீட்டர் திருத்துநர்கள் இருக்கிறார்கள். வளையமும் கூடும் பழையதே இருக்கட்டும், டிஜிட்டல் ஒன்றும் வேண்டாம். முகத்தை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடாதே, சென்சரும் மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 120 பாகைக்கு ஒன்று, 150க்கு ஒன்று என்று வீடிஓ கம்பனி சென்சர்கள் இருக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி. மாறிப் பூட்டினால் ஊசி பொய்தான் காட்டும். பூட்டுமுன் வயரைக் கொழுவி, சென்சர் உடம்பை எர்த்தில் தொடுத்து, நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் பிடி. மியூனிக் 500 மீற்றருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 98 பாகையிலேயே கொதிக்கும். ஊசி நிற்கிற இடத்தை மீட்டர் கண்ணாடியில் பேனையால் குறித்து வை.

இன்னொன்று. ஊசி கீழே கிடந்தால் குளிராக இருக்கிறது என்று நினைக்காதே. அந்த சென்சரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். வயர் அறுந்துபோனால் ஊசி குளிரிலேயே படுத்துக் கிடக்கும், உள்ளே ஒயில் எரிந்தாலும். வெப்பம் தெரியாத நேரத்தில் ஒயில் அழுத்த ஊசியைப் பார். சூடான என்ஜினில் ஆயிரம் சுற்றுக்கு ஒரு பார் அழுத்தம் என்பது எங்கள் கராச் கணக்கு. ஒயில் அளவையும் என்ஜின் சூடாக, சமதரையில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிற்பாட்டிப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றிவிடாதே.

12 வால்வின் இடைவெளியும் நீயே சரிபார்த்தாய் என்று பெரியம்மா சொன்னா. அந்த 0.1 மில்லிமீற்றர் இடைவெளியைக் கையால் உணர்ந்து பிடிக்க எனக்கு எத்தனையோ காலம் எடுத்தது. கராச்சில் பெடியன்கள் எல்லாருக்கும் சொன்னேன், நம்ப மறுத்தார்கள். எனக்கு நேரே சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். வண்டி வாங்கினதும் அம்மா வழியாகத்தான் தெரிந்தது, பிரென்னர் மலைக்கணவாய் ஏறினதும் அப்படித்தான். அப்பாவுக்கும் போன் இருக்கிறது பிள்ளை.

படத்தின் ஓரத்தில், பக்கத்து சீற்றில் நீலப் பெட்டி பெல்ற் போட்டு இருக்கிறது. கலியாணத்துக்கு நாங்கள் வாங்கித் தந்த பெட்டி. என்ஜின் பின்னால்தானே, முன் பொனற்றுக்குள் வைத்திருக்கலாமே. அங்கே இடமில்லாத அளவுக்குச் சாமானோ?

சரி. லைற்றை அணைத்துப் பார்த்தாயா என்று எழுது. ஊசி அசையாவிட்டால், வலப்பக்கம் கதவுக்குக் கீழே முன்னுக்குப் போகிற ஒயில் குழாயைத் தொட்டுப் பார், கவனம், சுடும். 85 பாகையளவில் தெர்மோஸ்டாற் திறந்து ஒயில் முன் வலது மட்காட்டுக்குள் இருக்கிற கூலருக்குப் போக வேண்டும். ஊசி மேலே நிற்கவும் குழாய் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாற் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஓட வேண்டாம்.

எல்லாம் இங்கே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கராச் திறப்பு என்னிடம் இருக்கும், லிப்ற் சும்மா நிற்கும். அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று எழுதத்தான் நினைத்தேன். உன் இஷ்டம். மேல் அறையை அம்மா தூசு தட்டி வைத்திருக்கிறா. எத்தனை நாளுக்கு என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம், பெரியம்மாவுக்கும் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிடாதே. உல்ம் நகரைத் தாண்டினால் நெரிசல், வண்டி நகராவிட்டால் முன் கூலருக்குக் காற்று இல்லை, ஊசி ஏறும். விடிய வெளிக்கிடு. ஏறினால் ஓரம் கட்டிவிட்டு எனக்கு எடு, அம்மாவுக்கு இல்லை, எனக்கு. எந்த நேரமென்றாலும் நான் வருவேன்.

அன்புடன்
அப்பா