கொல்லிமலைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

கொல்லிமலையில் 'நாடு' என்று அழைக்கப்படும் ஊர்த் தொகுதிகளான வளப்பூர் நாட்டிலும் வாழவந்தி நாட்டிலும் எங்களுக்கு உதவிய அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தை மாதத்தில் மூன்று நாள் உங்கள் காட்டையும் ஊர்களையும் பார்க்க வந்த 32 பேர் சார்பில் இதை எழுதுகிறோம். 'ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அப்படி முடித்தால் யார் எதைச் செய்து கொடுத்தார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். நீங்கள் சொல்லிக் கொடுத்தவை தெரிந்து அடுத்தவர்கள் வந்தால் உங்களுக்கும் தொல்லை குறையும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி போடவில்லை.

முதல் நன்றி வேன் ஓட்டுநர் அண்ணனுக்கு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். காலையிலேயே 'பூரி, வடை எல்லாம் வேண்டாங்க, ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க' என்று சொல்லிவிட்டார். குமட்டல் வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, சாலையை மட்டும் பார்க்கச் சொன்னார். உடம்பு திரும்புவதைக் காது உணர்ந்துகொண்டே இருக்க, கண் மட்டும் அசையாத கைப்பேசித் திரையில் நின்றால் தலை சுற்றும். செல்போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்தான் முதலில் வாந்தி எடுப்பார் என்று அவர் சொன்னது இதனால்தான்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்காக அவர் சொன்னது இன்னும் முக்கியம். ஏறுகிற வண்டிக்கே வழி. ஏற்றத்தில் நின்றுவிட்ட பார வண்டியைத் திரும்பக் கிளப்பும்போது அது பின்னால் உருளும். பேருந்துக்கு வளைவில் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஆகவே எதிரே பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். வளைவுக்குள் நுழைந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தபடி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரமாவது ஆற விடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். சுடச்சுட இருக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடி குறைவு. இருவர் ஏறி வரும் அந்த வண்டிகளைப் பார்த்தால்தான் தனக்குப் பயம் என்றார் அண்ணன். எங்களுக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்த காவலர்களுக்கு நன்றி. ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்திலிருந்து அதை இறக்கி, கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இவர்கள்.

கோயில் காட்டுக்குள் கூட்டிப்போன பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 32 பேரையும் ஒன்றாக உள்ளே விட மாட்டேன் என்றார். எட்டெட்டுப் பேராக நான்கு அணி, இடையில் கால் மணி நேரம். கூட்டம் பெரிதானால் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது கேட்காது, எட்டிப் பார்க்கத் தடத்தை விட்டு விலகுவார். விலகும் இடத்தில்தான் கணுக்கால் உயரத்தில் மரக்கன்றுகள் நிற்கின்றன. செருப்பை வெளியே விட்டாயிற்று, முள்ளும் எறும்பும் இருக்குமே என்றதற்கு, 'அதுக்குத்தான் மெதுவா நடக்கச் சொல்றது' என்றார். கையில் ஒரு கம்பு, அடி எடுத்து வைக்குமுன் தரையில் ஒரு தட்டு.

அந்தக் காட்டில் விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஏன் என்பதை ஒரு குச்சியால் கிளறியே காட்டினார். மேலே காய்ந்த சருகு, அதன் கீழே பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே கறுத்த ஈர மண். மழை நின்று வாரக்கணக்கான பின்னும் விரலில் ஒட்டுகிற ஈரம். சருகையும் சுள்ளியையும் கூட்டி அள்ளினால் அந்த ஈரம் வெயிலுக்குப் போகும், காட்டுக்குக் கீழே இருக்கும் ஊற்றும் சுருங்கும். சாமிக்குப் பயந்து கட்டிக் காத்தது என்று வெளியூர்க்காரர்கள் லேசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் போட்ட கட்டுப்பாடு இது என்பது எங்கள் எண்ணம்.

சரிவில் இறங்கும்போது எங்கள் மரப் பட்டியலில் தான்றி என்று எழுதியிருந்த ஒன்றைப் பார்த்துச் சிரித்து, கடுக்காய் என்று திருத்தியதும் அவர்தான். கடுக்காயில் இலைக் காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள் இருக்கும், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். காயைக் கையில் எடுத்தால் சந்தேகமே வராது: காய்ந்த கடுக்காயில் நீளவாக்கில் வரிகள் ஓடும், தான்றி உருண்டையாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மரத்தை நிமிர்ந்து பார்க்குமுன் அடியில் குனிந்து பார் என்பது அவர் பாடம்.

வனத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக் கொடுத்த ஊராட்சிக்காரர்களுக்கும், கூடவே நடந்த வனக்காவலருக்கும் நன்றி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மாசி பிறந்தால் புல் காய்ந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஆகவே தீயைப் பார்த்து மேலே ஓடாதே, பக்கவாட்டில் எரிந்து முடிந்த இடத்துக்கோ பாறைக்கோ போ என்று வனக்காவலர் சொன்னதை ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொண்டோம்.

ஆகாய கங்கை படிக்கட்டில் மோர் விற்கும் அம்மாவுக்கு ஒரு தனிக் கும்பிடு. ஆயிரத்துக்கும் மேலான படிகள். இறங்குவது சுலபம் என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுவது. இறங்கும்போது முட்டி வாங்கும் அடி ஏறும்போதுதான் வலியாகக் கணக்குக் கேட்கும். இறங்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறாதீர்கள், துணியின் பாரமும் சேரும், தொடையும் உரசிப் புண்ணாகும். போகும்போதே வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகிறவர்களையும், வழுக்குகிற ரப்பர் செருப்போடு போகிறவர்களையும் அந்த அம்மா வாசலிலேயே திட்டிவிடுகிறார். திட்டு வாங்கியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. மழைக்குப் பிறகு அருவியை மூடினால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். தண்ணீர் மட்டும் விழுவதில்லை, கல்லும் சேர்ந்து விழும்.

இனி சாமைச் சோறு. மூன்று நாளில் அதிகம் கற்றுக்கொண்டது சமுதாயக் கூடத்தின் பின்புற அடுப்படியில்தான். மகளிர் குழு அக்காமார் நால்வருக்கும் நன்றி.

சாமையை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிவிட்டால் மேலிருக்கும் தவிட்டெண்ணெய் காற்றுப் பட்டுக் காறல் அடிக்கும், வண்டும் வரும். ஆகவே வேண்டும்போது வேண்டிய அளவுக்கு மட்டும் உமி நீக்குகிறார்கள். முன்பு உரலில் குத்தி முறத்தில் புடைத்தார்கள், இப்போது பெரும்பாலும் மில்லில் கொடுக்கிறார்கள். அரைக்குமுன் வெயிலில் காய வைக்கும் பதம்தான் சூட்சுமம். ஈரம் இருந்தால் நசுங்கிக் குருணையாகும், அளவுக்கு மேல் காய்ந்தாலும் உடையும். பல்லில் ஒரு மணியை வைத்துக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். பத்துக் கிலோ போட்டால் ஆறு, ஆறரைக் கிலோ கிடைக்கும். ஒரே ஓட்டத்தில் முழுவதும் உரியாது, புடைத்துவிட்டு இரண்டாவது முறை விட வேண்டும்.

அடுத்தது கல். களத்தில் அடித்த தானியத்தில் பொடிக் கல் இருக்கத்தான் செய்யும், சாமை மணியும் கல்லும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் கண்ணால் பொறுக்க முடியாது. உள்ளே வரிவரியாக மேடு வைத்த அரிக்கஞ்சட்டியில் தண்ணீரோடு சாமையைப் போட்டு, சட்டியை லேசாகச் சுழற்றிச் சுழற்றி அடுத்த பாத்திரத்துக்கு வழிய விட வேண்டும். உமி மிதந்து முதலில் போகும், சாமை தண்ணீரோடு வழியும், கல் வரியில் தங்கிவிடும். கடைசி ஒரு கை சாமைக்கு ஆசைப்பட்டால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். அந்தக் கடைசிக் கையைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள் என்றார் ஓர் அக்கா.

ஆளுக்கு 100 கிராம் கணக்கில் 32 பேருக்கு மூன்றேகால் கிலோ போதும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். மலை ஏறி வந்தவன் வயிறு அந்தக் கணக்கைக் கேட்காது என்று நான்கரைக் கிலோவாக்கினார்கள். சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அரித்த சாமையைக் கால் மணி நேரம் ஊற வைத்து வடித்தார்கள். ஒரு படிக்கு இரண்டரைப் படி தண்ணீர், அது தளதளவென்று கொதித்த பிறகே சாமை. ஆறின தண்ணீரில் போட்டால் அடியில் கட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு முறைக்கு மேல் கிளறினால் கூழாகிவிடும். தண்ணீர் மட்டம் சாமைக்குச் சமமாக இறங்கியதும் விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் மூடி பத்து நிமிடம் விட்டார்கள். தீயைக் குறைக்காமல் விட்டால் மேலே அரைவேக்காடு, அடியில் கருகல். உடன் பச்சை மொச்சைக் குழம்பு. அதற்குச் செய்முறை கேட்டோம், 'வந்து சாப்பிட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டார்கள். சரிதான், எல்லாவற்றையும் கேட்கக் கூடாது.

மிளகுத் தோட்டத்து அண்ணனுக்கு: சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துப் பறிப்பதை நின்று பார்க்க விட்டதற்கு நன்றி. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும், எல்லாம் சிவக்கட்டும் என்று காத்தால் பறவைக்கும் தரைக்கும் போகும். உதிர்த்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காய வைத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரமும் காயும். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர் மிளகு. அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டினால் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிப் பாருங்கள், காய்ந்த மிளகு சலசலக்கும்.

முடவாட்டுக்கால் கிழங்கு விற்கும் பாட்டி ஒருவர் எங்களை நிறுத்தி வைத்துப் பேசினார். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணியின் தண்டு அது, ஆட்டுக்கால் போலப் பழுப்பு மயிரோடு இருக்கும். அந்த மயிரையும் தோலையும் கத்தியால் நன்றாகச் சுரண்டாமல் போட்டால் சூப் தொண்டையில் அரிக்கும். பிறகு பொடியாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். வளரும் நுனியைப் பாறையிலேயே விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் வெட்டுவது அவர் வழக்கம். முழுக் கொடியையும் உரித்து வருகிறவர்களிடம் தான் வாங்குவதே இல்லை என்றார். வாங்குகிறவர்களும் இதைக் கேட்டு வாங்கினால் நல்லது.

தேன் கொடுத்தவருக்கும் நன்றி. மலைத்தேனில் ஈரம் கூடுதல், புளித்து நுரை வரலாம், புட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் இடம் விட்டு வையுங்கள் என்ற அறிவுரை ஊருக்கு வந்த நான்காம் நாளே கைகொடுத்தது.

அறப்பளீசுவரர் கோயில் துறையில் மீனுக்குப் பொரி போட வந்தவர்களிடம், பொரி போடுங்கள், கவரைப் போடாதீர்கள் என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்த தம்பிக்கும், செம்மேட்டில் ஓரி சிலையருகே வழி சொன்ன கடைக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம். ஆடி 17, 18 ஓரி விழாவுக்கு வராதீர்கள், காடு பார்க்க வேண்டுமானால் தையில் வாருங்கள் என்று சொன்னதும் அந்தக் கடைக்காரர்கள்தான். விழா பார்க்க வேண்டியவர்கள் ஆடியில் வரட்டும், ஆனால் அன்றைக்கு வளைவுகளில் வண்டி வரிசை நகராது.

தூய்மைக் காவலர்கள் இருவருக்கும் நன்றியோடு ஒரு மன்னிப்பும். குப்பையைத் திரும்ப எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தோம், எடுத்தும் போனோம். ஆனால் சாப்பாட்டு மிச்சத்தையும் காகிதத்தையும் ஒரே பையில் போட்டுவிட்டதைப் பார்த்து, நீங்கள்தான் கையால் பிரித்துக் கொடுத்தீர்கள். அடுத்த முறை மூன்று சாக்கு: ஈரக் குப்பை, காகிதம், மற்றவை. ஈரக் குப்பை உங்கள் உரக்குழிக்கே வரும், மற்ற இரண்டும் எங்களோடு இறங்கும்.

திருத்திய மரப் பட்டியலை, நீங்கள் சொன்ன ஊர்ப் பெயர்களோடு, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிரதி அனுப்புகிறோம். தவறு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி ஆசிரியரிடம் கொடுத்துவையுங்கள். அப்புறம், மகளிர் குழு அக்காமாருக்கு: பாத்திரங்களைக் கழுவி அடுக்கும்போது உங்கள் அரிக்கஞ்சட்டி எங்கள் மூட்டையோடு வந்துவிட்டது. உடையாமல் வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை வேன் அண்ணன் கொண்டுவந்து தருவார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தை மாத நடைக்கு வந்திருந்த 32 பேர்