நாளுக்கு ஒரு மணி நேரம் விளையாடுகிறவர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமே ஒரு கதாபாத்திரமாகிக் கதையை நடத்திச் செல்லும் ரோல் பிளேயிங் கேம்கள் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையில், பாத்திரத்தின் பலத்தைக் குறிக்கும் லெவலை ஏற்றுவதற்காக ஒரே வகை எதிரிகளைத் திரும்பத் திரும்ப வீழ்த்தும் ‘கிரைண்டிங்’ சலிப்பூட்டுகிறது என்பவர்கள் இந்த வகை கேம்களுக்கே ஏற்றவர்கள் அல்லர் என்று எழுதப்பட்டிருந்தது. அலுவலகமும் சமையலும் முடிந்து, பிள்ளைகளும் உறங்கிய பிறகு ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட வாய்க்கும் என் போன்றவர்களின் சார்பில் இதை மறுக்க விரும்புகிறேன்.

கிரைண்டிங்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் ஜப்பானில் எனிக்ஸ் வெளியிட்ட, யூஜி ஹோரீ வடிவமைத்த ‘டிராகன் குவெஸ்ட்’ கேமில் ஸ்லைம் என்னும் மிக எளிய எதிரி ஒன்றை வீழ்த்தினால் கிடைப்பது ஒரே ஓர் அனுபவப் புள்ளி. இரண்டாம் லெவலை அடைய 7 புள்ளிகள் வேண்டும். ஆனால் சண்டையில் தோற்றால் கையிருப்புப் பொன்னில் பாதி போகுமே தவிர, சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையாது. மன்னர் முன்னிலையில் உயிர் பெற்று மறுபடி புறப்படலாம். விரல் வேகம் இல்லாதவரும் பொறுமை இருந்தால் கதையை முடித்துவிடலாம் என்பதுதான் அதன் பயன். திறமை குறைந்தவருக்குக் கைகொடுத்த அந்த ஏற்பாடே இன்று பல கேம்களில் நேரம் குறைந்தவரை வெளியே நிறுத்தும் மதிலாகிவிட்டது என்பதே என் வருத்தம்.

அண்மையில் ஒரு மொபைல் கேமில், என் வீராங்கனை 21ஆம் லெவலில் ஒரு கோட்டை வாசலில் நின்றாள். உள்ளே நுழைய 26ஆம் லெவல் வேண்டும் என்றது திரை. பக்கத்துச் சதுப்பு நிலத்தில் அதே ஓநாய்களோடு ஐந்து இரவுகள் போரிட்டேன். மூன்றாம் இரவில், திரையைப் பார்க்காமலே என் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அரைத்த மாவையே இப்படி அரைத்து 24ஐத் தொட்டபோது, அவள் எதற்காக அந்தக் கோட்டைக்குப் புறப்பட்டாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இதற்கு நடுவே, அனுபவப் புள்ளிகளை இரட்டிப்பாக்கும் சலுகையைப் பணம் கொடுத்து வாங்கச் சொல்லி ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் விளம்பரம் வந்தது. சலிப்பைத் தாங்களே உண்டாக்கிவிட்டு, அதற்கு மருந்தையும் தாங்களே விற்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

உழைக்காமல் பெறும் வெற்றியில் சுவை இல்லை என்று கட்டுரையாளர் சொல்வது எனக்கும் உடன்பாடே. எதிரி நெருப்புக்கு அஞ்சுவானா, மின்னலுக்கா என்று கண்டறிந்து, அதற்கேற்ப அணியை மாற்றி, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வெல்வதும் உழைப்புதான். அதற்கு ஒரு மணி நேரம் போதும். ஐந்து இரவு ஓநாய் வேட்டையில் நான் யோசித்து எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை.

தீர்வுகள் இல்லாமலும் இல்லை. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆன்லைன் கேமில், நம் பாத்திரத்தை ஒரு விடுதியில் தங்கவைத்துவிட்டு வெளியேறினால், திரும்பி வந்து வீழ்த்தும் எதிரிகளுக்கு ஒரு வரம்பு வரை இரு மடங்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும், வேலை நிமித்தம் இரண்டு நாள் வர முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2012இல் ஜப்பானில் வெளியான ‘பிரேவ்லி டிஃபால்ட்’ கேமின் பிந்தைய பதிப்பில், வழியில் எதிரிகள் குறுக்கிடும் அளவை அறவே இல்லாமலும் செய்யலாம், இரட்டிப்பாக்கவும் செய்யலாம். விடிய விடிய லெவல் ஏற்றுவதிலேயே இன்பம் காணும் என் தம்பிக்கும் அதில் இடம் உண்டு, எனக்கும் உண்டு.

ஆகவே தங்கள் இதழின் கேம் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். கதையை முடிக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதில் லெவல் ஏற்றுவதற்கு மட்டும் எவ்வளவு போயிற்று, நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடிகிறதா, அனுபவப் புள்ளிகளைக் காசுக்கு விற்கிறார்களா என்பவற்றையும் கிராஃபிக்ஸ், இசை பற்றி எழுதும் அதே பத்தியில் தவறாமல் குறிப்பிடுங்கள். அதைப் படித்துவிட்டே அடுத்த கேமை வாங்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி.