மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்

கீழ்வீட்டுத் தம்பிக்கும், கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்,

நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆனால் வாந்தியும் பேதியும் முழுவதும் நின்று 48 மணி நேரம் கழியும் வரை யார் வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் 20 மணி நேரம் பாக்கி இருக்கிறது. அதுவரை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். குடும்பமாகப் பயணம் பதினொரு பேர் போனோம், ஒன்பது பேர் படுத்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்த இரண்டு நாள், அப்புறம் வேறு காரணத்துக்கு வயிறு வலித்த மூன்று நாள். யாரிடமிருந்து வந்தது என்று குடும்பத்துக்குள் நடக்கும் விசாரணையையும் இத்தோடு விட்டுவிடுவோம். நோரோ வைரஸாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். உள்ளே போன 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடுமாம். நூறுக்கும் குறைவான துகள்களே ஓர் ஆளைச் சாய்க்கப் போதுமாம். பயணம் முழுக்க சானிடைசர் பாட்டிலும் கையுமாகத் திரிந்து, ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திக் கையில் பீய்ச்சியவள் நான். இந்த வைரஸுக்கு அது அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும் என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. என் கையால் சானிடைசர் வாங்கிக்கொண்ட அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, தம்பிக்கு வருகிறேன்.

அன்று இரவு ஒன்றரை மணி. கணவர் ஓர் அறையில், பெரியவன் இன்னோர் அறையில், சின்னவள் என் மடியில். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். கேட்கிறாளே என்று ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தேன், குடித்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் “யாரிடமாவது ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கிறதா?” என்று போட்டேன். வாந்தி பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொடி அது. அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள்? ஒரே ஒரு பதில் வந்தது. “இருக்கு அக்கா. ஒரு லிட்டர் பாட்டில் இருக்கா?”

எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தம்பியைவிட அவனுடைய அலாரத்தைத்தான் நன்றாகத் தெரியும். விடிகாலை ஐந்து மணிக்கு அடிக்கத் தொடங்கும். அமர்த்துவான், அடிக்கும், அமர்த்துவான், அடிக்கும். ஆறரைக்குள் எல்லோரும் எழுந்திருப்போம், அவனைத் தவிர. போன மாதம் இதே குழுவில் அதைப் பற்றி நான் எழுதியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தேன்.

அவன்தான் இரண்டு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, படிக்கட்டில் நாலு படி இறங்கி நின்றுகொண்டான். “பாக்கெட்ல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்லதான் கரைக்கணும் அக்கா. டம்ளர்ல கரைச்சா உப்பு ஏறிடும், பாப்பாவுக்கு ஆபத்து. மடக்மடக்னு குடிக்க விடாதீங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க.” போன வருடம் விடுதியில் எல்லோரும் இதேபோல் படுத்தபோது கற்றுக்கொண்டதாம்.

“எனக்கே கண்ணைத் திறக்க முடியல தம்பி. நடுவுல தூங்கிடுவேன்” என்றேன்.

“தூங்குங்க. நான் எழுப்பறேன்.”

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து கரைத்து வைத்தேன். இரண்டு மணிக்குக் கீழே அலாரம் அடித்தது. அடுத்த நொடி என் போன் மினுங்கியது. ஒரே சொல்: “ஸ்பூன்.” கொடுத்தேன். மூன்று நிமிடம். கீழே அலாரம், மேலே மினுக்கல், ஸ்பூன். நடுவில் ஒருமுறை அவள் வாந்தி எடுத்ததும் “வாந்தி” என்று அனுப்பினேன். “10” என்று பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி “ஸ்பூன்”.

ஐந்து மணி வாக்கில் சின்னவள் எழுந்து ஒன்றுக்குப் போகணும் என்றாள். உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு எண்ணிப் பார்த்தேன், 57 “ஸ்பூன்”. ஒன்றுக்கு 5 மில்லி என்றால் 285 மில்லி, ஒன்றரை டம்ளர்கூட இருக்காது. அதற்காக ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான்.

படுத்துக்கொண்டே இந்தக் கரைசலைப் பற்றித் தேடிப் படித்தேன். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால், வைரஸ் படுத்தும் குடலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நேரம். திலிப் மஹலானபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். சாவு வெகுவாகக் குறைந்தது. அதைப் படித்ததிலிருந்து அங்கே நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கும் கண் சொருகியிருக்கும். அவர்களை யார் எழுப்பினார்களோ.

மற்றவர்களையும் விட்டுவிடவில்லை. இரண்டேகால் மணிக்குப் போனை எடுத்துத் திட்டாமல் பேசிய டாக்டர், தானே படுக்கையில் கிடந்தபடி எங்களை விசாரித்த என் கூடப்பிறந்த தம்பி, வாசலில் பிளீச்சும் கையுறையும் வைத்துவிட்டு மணியடித்து ஓடிப்போன மாடிவீட்டுக்காரர்கள், “வராதீங்க, சத்தியமா வராதீங்க” என்று லீவு கொடுத்த அலுவலகத் தோழி, மூட்டை மூட்டையாகத் துணி துவைத்த மெஷின் (அதுவும் ஒரு ஆள்தான்), எல்லோருக்கும் நன்றி.

தம்பி, நாளைக்குச் சாயங்காலம் வருகிறேன். பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன், பயப்படாதே, சோப்புப் போட்டுத்தான். இனி எங்கள் வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும். ராத்திரி எந்த நேரத்தில் யார் கேட்டாலும் குழுவில் முதல் பதில் என்னுடையதாக இருக்கப் பார்க்கிறேன்.

இன்னொன்று. போன மாதம் அலாரத்தைப் பற்றி நான் எழுதியதை இன்று நீக்கப் பார்த்தேன். அவ்வளவு பழையதை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாதாம். அதனால் அதற்குப் பதிலாகவே இந்த மடலைப் போடுகிறேன். அதைத் தேடிப் போகிறவர்கள் இதையும் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேல்வீட்டு அக்கா