காவடி வரிசையில் ஒரு குளுக்கோமீட்டர்: கோவில் குழுவினருக்குத் திறந்த மடல்

மொரிசியஸ் கோவில் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்க வருபவர்களிடம் இந்த முறை ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: சர்க்கரைக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காவடி வரிசையிலும் அவர்கள் நடக்கிறார்கள்.

வெறும் வயிற்றோடு நடந்தாலும் உடம்பு தாக்குப்பிடிக்கிறதே, அது நரம்பும் ஹார்மோனும் கைகோத்துச் செய்யும் வேலை. ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்ததும் கணையம், சர்க்கரையை இறக்கும் இன்சுலினைக் குறைக்கும். அப்புறம் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கும். உடனே கல்லீரல், சேர்த்து வைத்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி வெளியே விடும். இன்னும் இறங்கினால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலந்து நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். 'ஏதாவது சாப்பிடு' என்று உடம்பு கேட்பது அப்படித்தான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நேரச் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அதனால்தான் இவ்வளவு அவசரம்.

இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கு முதல் படியே கிடையாது. ஊசியில் போன மருந்தைக் கணையத்தால் குறைக்க முடியாது. கிளிக்லசைடு மாதிரியான சர்க்கரை மாத்திரையோ, சர்க்கரை இறங்கினாலும் கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்க வைக்கும். பல வருடமாக இன்சுலின் போடுபவர்களில் பலருக்குக் குளுக்ககானும் சரியாகச் சுரக்காது, அட்ரினலின் எச்சரிக்கையும் மங்கியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். நம் கோடை வெயிலில், தார் ரோட்டில், வியர்வையை யார் கவனிப்பார்கள்?

என் கவலை இங்கேதான். நாக்கில் அலகு இருப்பதால் வாய் திறந்து சொல்ல முடியாது. தோளில் காவடி, அதில் பால் செம்பு ஆடுகிறது. கால் தள்ளாடுகிறது, கண் எங்கோ நிலைக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அருள் வந்துவிட்டது என்று சுற்றி நிற்பவர்கள் அரோகரா சொல்கிறார்கள். அருளாகவே இருக்கலாம். மூளைக்குச் சர்க்கரை போதாமலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே வரிசையோடு நடக்கும் தொண்டர் ஒருவரிடம் குளுக்கோமீட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் இருக்கட்டும். அலகு குத்திவிட்டவரும் பக்கத்திலேயே வரட்டும். ரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் காவடியை இறக்கி, அலகை எடுத்து, 15 கிராம் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 114-ஐ அழையுங்கள். மருந்தின் அளவை விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், வழியில் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் விரதம் முறிந்துவிடாது என்று காப்பு கட்டும் அன்றே குருக்கள் வாயால் சொல்ல வையுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காதவர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோவில் பக்தர்களில் ஒருவர்