நான்கு கட்டத்துக்குள் அடங்காதவை

அன்புள்ள பாப்பா,

போனில் பேசும்போது "பள்ளிக்கூடத்துல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டாய். "நிறைய இருக்கு, எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த வருட ஆண்டறிக்கையில் மாணவர் செயல்பாடுகள், சாதனைகள் பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பெயர், வகுப்பு, போட்டி, பரிசு என்று நான்கு கட்டம் போட்ட தாளை எச்.எம். கொடுத்தார். நானும் நிரப்பிவிட்டேன். நிரப்பி முடித்துப் படித்துப் பார்த்தால், இந்த வருடம் பிள்ளைகள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தவை எதுவுமே அதில் இல்லை. சரி, அவற்றை உனக்காவது எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு எரிமலைக்கு. வருடா வருடம் ஒரு எரிமலை வந்துவிடும், உனக்குத்தான் தெரியுமே. சோடா மாவும் வினிகரும் சேர்ந்து நுரை பொங்கினால் நடுவர்களுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். நான் குறை சொல்லவில்லை, அந்தப் பையன்கள் நன்றாகத்தான் பூசி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஆனால் மூலையில் ஒரு மேசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இரண்டு தட்டில் பயறு முளைக்க வைத்துக்கொண்டு நின்றார்கள். இசை கேட்டால் செடி வேகமாக வளருமா என்பதுதான் கேள்வி. ஒரு தட்டுக்குத் தினமும் பாட்டு, இன்னொரு தட்டுக்கு அமைதி. மண், தண்ணீர், விதை எல்லாம் ஒரே அளவு.

பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக இரண்டாவது தட்டை வேறு அறையில் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து அவர்களில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அறையில் ஜன்னல் பெரிது. செடி உயர்ந்தாலும் குறைந்தாலும் அது பாட்டாலா, வெளிச்சத்தாலா என்று எப்படிச் சொல்வது? யாரிடமும் கேட்காமல் மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒவ்வொரு நாளும் தட்டுகளை அறை மாற்றி வைத்தார்கள், பாட்டும் அதன் தட்டோடு சேர்ந்தே போனது. கடைசியில் அளந்து சராசரி போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே தட்டில் இருந்த செடிகளுக்குள்ளேயே இருந்த உயர வித்தியாசம், இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் இருந்ததைவிடப் பெரிது. அதையும் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

நடுவர் வந்து, "அப்போ உங்க சோதனை தோத்துப்போச்சா?" என்று கேட்டார். "இல்லை சார், 'வளராது'ன்னு பதில் வந்திருக்கு" என்றாள் அந்தப் பெண். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆறுதல் பரிசுகூட இல்லை.

அன்று மாலை அந்தப் பெண்களைக் கூப்பிட்டு மைக்கல்சன், மோர்லி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் கதையைச் சொன்னேன். ஒளி பயணம் செய்ய அண்டம் முழுக்க ஈதர் என்று ஏதோ ஒன்று நிறைந்திருக்கிறது, பூமி அதற்குள் நகர்வதால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறும் என்று நம்பிய காலம். அந்த வித்தியாசத்தை அளக்க இருவரும் 1887ல் மிக நுட்பமான கருவியைக் கட்டினார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. இயற்பியலில் இன்றுவரை அதிகம் பேசப்படும் சோதனைகளில் அதுவும் ஒன்று. பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். "அவங்களும் தட்டை மாத்தி மாத்தி வெச்சாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவர்கள் கருவியையே பாதரசத்தில் மிதக்கவிட்டுத் திசை மாற்றித் திருப்பித் திருப்பி அளந்தவர்கள்.

கணக்குக்கு வருகிறேன். கணித ஒலிம்பியாட் போட்டிக்கான முதல் கட்டத் தேர்வு எழுதியவர்களில் யாரும் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. ஆகவே எச்.எம். தாளின் பரிசுக் கட்டத்தில் வெறும் கோடு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தேர்வு முடிந்த பிறகும் ஒரு கணக்கை விடவில்லை. மதிய இடைவேளை தோறும் ஒரு காகிதத்தோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பான். முதலில் கொண்டுவந்த வழி தப்பு. அடுத்தது பாதி சரி. அப்புறம் ஒரு நாள் விடைக்குறிப்பில் கொடுத்திருந்த வழிக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழியில், முழுசாக, ஓட்டையில்லாமல் போட்டுக்கொண்டு வந்தான். நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அதைக் கரும்பலகையில் அவனையே எழுதச் சொன்னேன்.

சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஒரு விதி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்று மூன்றாக ஆறு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், மொத்தம் 42. பதக்கம் கிடைக்காதவர்களிலும் ஏதாவது ஒரு கணக்கை முழுசாக, ஏழுக்கு ஏழு வாங்கிப் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு கௌரவச் சான்று கொடுப்பார்கள். ஆறையும் அரைகுறையாகத் தொட்டவனைவிட ஒன்றைக் கடைசிவரை முடித்தவனுக்கு ஒரு மரியாதை. நம் கட்டம் போட்ட தாளில் அதற்கு இடம் எங்கே?

அந்தப் பையனுக்கு ஈரானில் பிறந்த கணித மேதை மரியம் மிர்சாகானியைப் பற்றியும் சொன்னேன். 1994லும் 1995லும் ஒலிம்பியாடில் தங்கம், இரண்டாவது முறை 42க்கு 42. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வாங்கிய முதல் பெண், 2014ல். அவர் நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் கணக்கில் சரியாகச் செய்யவில்லை, ஆசிரியருக்கும் அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. பிறகு மேல்வகுப்பில் இருந்தபோது, ஆண்கள் பள்ளியில் நடப்பது போன்ற ஒலிம்பியாட் பயிற்சி வகுப்பு எங்களுக்கும் வேண்டும் என்று தோழியோடு போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாளும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அதுவரை ஈரான் ஒலிம்பியாட் அணியில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. இதைச் சொன்னபோது எச்.எம். பக்கத்தில்தான் இருந்தார். தற்செயலாகத்தான், நம்பு.

பேச்சு, விவாதம், ஓவியம் எல்லாம் வழக்கம்போல. விவாதத்தில் மட்டும் ஒரு மாற்றம். சர்வதேசப் பள்ளிப் போட்டிகளில் நடப்பதுபோல, ஒருவர் பேசும் 8 நிமிடத்தில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்று வைத்தோம். மனப்பாடம் செய்து வந்தவர்கள் எல்லாம் முதல் கேள்வியிலேயே தடுமாறினார்கள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. பொதுத்தேர்வு முடிவைப் பற்றி எழுதவில்லை, அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்களே.

இனி உன் விஷயம். ரிலே.

இந்த வருடப் பெண்கள் நான்கு பேரில் ஒருத்திகூடத் தனி 100 மீட்டரில் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் பள்ளிகளுக்கு இடையிலான 4x100ல் இரண்டாம் இடம். பி.டி. சார் இந்த முறை வேகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் பேட்டன் என்ற அந்தக் குச்சியை மாற்றுவது மட்டும்தான். வாங்குகிறவள் தனக்குப் பின்னால் பாதம் பாதமாக அளந்து தரையில் ஒரு அடையாளம் போட்டுக்கொள்வாள். கொடுக்க வருகிறவள் அதைத் தொட்டதும் புறப்பட வேண்டும், அதன்பின் திரும்பிப் பார்க்கக்கூடாது. அடையாளம் கிட்டே இருந்தால் கொடுக்க வந்தவள் முதுகில் மோதுவாள், தள்ளிப் போனால் பேட்டன் மாற்ற வேண்டிய எல்லைக்குள் அவளைப் பிடிக்க முடியாது. நீ ஓடிய காலத்தில் வேகம் எடுக்க 10 மீட்டர், மாற்ற 20 மீட்டர் என்று பிரித்திருந்தார்கள் அல்லவா? 2017ல் விதி மாறி இப்போது 30 மீட்டரும் ஒரே எல்லை. கொஞ்சம் தாராளம்தான், ஆனாலும் பேட்டன் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

சார் அவர்களுக்கு ஜப்பான் அணியின் ஓட்டத்தைப் போட்டுக் காட்டினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 37.60 வினாடியில் வெள்ளி வாங்கினார்களே, அதுதான். அந்த நான்கு பேரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியதில்லை. மாற்றத்தில் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்றாவதாக வந்த அமெரிக்க அணி பேட்டன் மாற்றத் தவறுக்காகத் தகுதி இழந்தது வேறு கதை.

நான் எழுத நினைத்தது ஐந்தாவது பெண்ணைப் பற்றி. மாற்று ஓட்டக்காரி, கடைசிவரை ஓட வாய்ப்பு வரவில்லை. அவள் ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு, பேட்டன் எல்லைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் குறித்துவைத்தாள். எந்த அடையாளத்துக்கு எந்த நேரம் வந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. போட்டியன்று காலையில் எதிர்க்காற்று அடித்தபோது, கடைசி ஓட்டக்காரியின் அடையாளத்தை ஒரு பாதம் உள்ளே கொண்டுவரச் சொன்னதும் அவள்தான். சார் கேட்டார், அவர்களும் கேட்டார்கள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எச்.எம். அறைக்குப் போய், ஐந்தாவதாக "எப்படிச் செய்தார்கள்" என்று ஒரு கட்டம் வேண்டும் என்றேன். அச்சுச் செலவு, பக்கக் கணக்கு என்று ஆரம்பித்தார். பேசி முடித்ததில் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. பயறு, கணக்கு, நோட்டு மூன்றையும் அதில் திணிக்க வேண்டும். சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வேலை. இரண்டாவது பெண்ணின் இடது கையிலிருந்து மூன்றாவது பெண்ணின் வலது கைக்கு மாறும்போதுதான் இன்னும் தடுமாறுகிறார்கள். வளைவில் உள்கோட்டை ஒட்டிக்கொண்டே எப்படி வாங்குவது என்று மூன்றாவதாக ஓடும் பிள்ளை என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நீ அந்த இடத்தில்தானே ஓடினாய். கையை எவ்வளவு உயரத்தில் நீட்டினாய், பாதையில் எந்தப் பக்கம் நின்றாய் என்று விவரமாக ஒரு குரல் பதிவு அனுப்பு. அடுத்த பயிற்சி சனிக்கிழமை, அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா